நினைவு நாளும் நெஞ்சின் கடமையும்

ஆண்டுதோறும் மே திங்கள் 21ஆம் நாள், பயங்கரவாத எதிர்ப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலும் எழுந்து நின்று உறுதிமொழி கூறுகின்றனர். அகிம்சை, சகிப்புத்தன்மை, ஒற்றுமை ஆகியவை அவ்வுறுதிமொழியின் உயிர்ச்சொற்கள். நல்ல சொற்கள்! கூறி முடித்து அமர்ந்தபின் அச்சொற்கள் எங்கே போகின்றன? எண்ணிப் பார்த்திட வேண்டாமா?

அந்நாள் பிறந்த இடம் தொலைவில் இல்லை. காஞ்சியிலிருந்து பட்டுப் பொதியுடன் சென்னைக்குப் பேருந்தேறும் நெசவாளத் தோழர்கள் கடந்து செல்லும் திருப்பெரும்புதூர்தான் அது. 1991ஆம் ஆண்டு, தேர்தல் கூட்டத்திற்கு அங்கு வந்த ராஜீவ் காந்தியை மனித வெடிகுண்டு மாய்த்தது. அவரை மட்டுமா? 14 பேருக்குக் குறையாமல் உடன் மாண்டனர். கவிதை படித்துக் காட்ட வந்த சிறுமி, அவளுடைய தாய், காவல் பணியில் நின்ற அதிகாரி, பெண் காவலர்! இந்து, முஸ்லிம், கிறித்தவர் மூவரும் அப்பட்டியலில் உண்டு. குண்டு சாதி கேட்கவில்லை, சமயம் கேட்கவில்லை. தலைவரின் பெயரை நாடறியும். அச்சிறுமியின் பெயரை எத்தனை பேர் அறிவர்? இறந்தோரிலுமா மேல்வரிசை, கீழ்வரிசை?

கொலை புரிந்தது விடுதலைப் புலிகள் இயக்கம். பழி விழுந்தது எவர்மேல்? 1983ஆம் ஆண்டின் இனக் கலவரம் தொட்டு, உயிர் தப்பிக் கடல் கடந்து வந்து, முகாம்களில் ஒண்டியிருந்த ஈழத் தமிழர்மேல்! அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்லூரிகளில் அளிக்கப்பட்டிருந்த இடங்கள் நிறுத்தப்பட்டன. சில ஆண்டுகள் கழித்தே அக்கதவு மீண்டும் திறந்தது.

"நாட்டின் பாதுகாப்புப் பெரிதன்றோ?" என்பர். பெரிதுதான். குற்றவாளியைத் தேடுக, நீதிமன்றத்தில் நிறுத்துக, தண்டனை வழங்குக. மறுப்பாரில்லை. ஆனால், படிக்க இடம் கேட்டு விண்ணப்பித்த இளைஞன் செய்த குற்றம் யாது? கொலைஞன் பேசிய மொழியைப் பேசியதா? அது நம் மொழியுமன்றோ! ஒருவர் செய்த செயலுக்கு மற்றொருவரை வதைப்பதே பயங்கரவாதத்தின் இலக்கணம். உயிரைப் பறிப்பதும் படிப்பைப் பறிப்பதும் ஒன்றல்ல, அறிவேன். ஆயினும், குண்டு குருதியால் எழுதிய தவறான கணக்கை ஆணை மையால் எழுதலாமா?

ஒரே குரலில் உறுதிமொழி கூறுவது மட்டுமே ஒற்றுமையாகிவிடாது. காஞ்சித் தறியைப் பாருங்கள்! கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நெய்பவர் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளினாலன்றி அச்சேலை இல்லை. நிறம் மாறாமலே இணைகிறது. இணைப்புக்கு அருகில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

மாணவத் தோழர்களே! அடுத்த நினைவு நாளில், மாண்டோர் அனைவரின் பெயர்களையும் உரக்கப் படியுங்கள். உறுதிமொழி முடிந்ததும், மறுவாழ்வு முகாமிலிருந்து வந்து பின்வரிசையில் தனித்திருக்கும் மாணவனின் பக்கத்தில் சென்று அமருங்கள்.