விலையும் பெறுமதியும்

ஒரு பொருளின் விலை வேறு. அதன் பெறுமதி வேறு. அறபு மொழியில் முன்னதை ‘ஸமன்’ என்றும் பின்னதைக் ‘கீமத்’ என்றும் பிரித்து வழங்குவர். விற்பவனும் வாங்குபவனும் தம்முள் இசைந்து முடிவு செய்யும் தொகை ஸமன். பொருளின் தன்மை அறிந்தோர் மதித்துரைக்கும் தகுதி கீமத். இவ்விரண்டும் ஒத்திருப்பதும் உண்டு. ஒன்றைவிட்டு ஒன்று நெடுந்தொலைவு விலகி நிற்பதும் உண்டு.

இவ்வேறுபாட்டை ஆராய்வதற்கு ஜப்பான் நாட்டின் உயர்ரக முக்குளிப்புக் கைக்கடிகாரம் ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். கிராண்ட் ஸெய்கோ என்னும் பெயரில் வெளிவரும் இவ்வகைக் கடிகாரங்களுள் சில, பத்தாயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் விற்கின்றன. நேரம் பார்க்கச் சில நூறு ரூபாய்க் கடிகாரம் போதாதா? இத்துணைப் பெருந்தொகைக்கு ஈடாக அதில் உள்ளதுதான் யாது?

நேரத்தின் துல்லியம் என்று விடை கூற முடியாது. 1969 டிசம்பர் 25 அன்று உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை ஸெய்கோ நிறுவனமே விற்பனைக்குக் கொணர்ந்தது. அன்று அதன் விலை 4,50,000 யென். ஒரு சிறிய மோட்டார் காரின் விலைக்கு நிகர். அந்தத் துல்லியம் இன்று கடைத்தெருவில் மலிந்து கிடக்கிறது. உலோகம் என்றும் கூறவியலாது. டைட்டானியம் எடை குறைந்தது, கடல்நீரில் துருப்பிடிக்காதது என்பது மெய்யே. எனினும் ஒரு கடிகாரத்தில் அடங்கும் உலோகத்தை நிறுத்து விலை கணக்கிட்டால், மொத்த விலையில் அது மிகச் சிறு பங்கே ஆகும். இருநூறு மீட்டர் ஆழத்தைத் தாங்கும் ஆற்றல் என்பாரும் உளர். அவ்வாற்றல் உடையவை இதனினும் மிகக் குறைந்த விலைக்கும் கிடைக்கின்றன.

அவ்வாறாயின் பெறுமதி எங்கே உள்ளது? அதனை அறிய இக்கடிகாரம் பிறந்து வளர்ந்த வரலாற்றைச் சற்றே நோக்க வேண்டும்.

ஜப்பானின் முதல் முக்குளிப்புக் கடிகாரத்தை ஸெய்கோ 1965-இல் வெளியிட்டது. அது 150 மீட்டர் ஆழம் வரைக்கும் உரியது. 1968-இல் ஹிரோஷிமா மாநிலத்துக் குரே நகரிலிருந்து ஆழ்கடலில் தொழில் புரியும் முக்குளிப்பாளர் ஒருவர் அந்நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். 300 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் செய்யும் பணிக்குக் கடிகாரங்கள் ஈடுகொடுக்கவில்லை என்பது அவர் முறையீடு. அத்தகைய பணியில் ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கின்றனர். அவ்வாயு மிக நுண்ணியது, கடிகாரத்தினுள்ளும் புகுந்துவிடும். மேலே வரும்போது வெளியழுத்தம் குறைய, உள்ளே அடைபட்ட வாயு விரிந்து கண்ணாடியைப் பெயர்த்து எறிந்துவிடும். ஒரு தொழிலாளியின் முறையீட்டுக்கு அந்நிறுவனம் ஏழாண்டுகள் உழைத்து விடை தந்தது. டைட்டானியக் கூடுடன், ஹீலியம் உள்ளே புகாதவாறு அடைப்பு அமைத்து, 600 மீட்டருக்குரிய கடிகாரத்தை 1975-இல் வெளியிட்டது.

கடிகாரத்தின் மேல்விளிம்பில் சுழலும் வளையத்தையும் கருதிப் பார்ப்போம். நீருள் இறங்குவோர் அதன் குறியை நிமிட முள்ளுக்கு நேரே நிறுத்தி, கழிந்த நிமிடங்களைக் கணக்கிடுவர். அளவுக்கு மீறி ஆழத்தில் தங்கி விரைந்து மேலேறினால், இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி உயிருக்கே உலை வைக்கும். ஆதலின் இவ்வளையம் ஒரு திசையில் மட்டுமே சுழலுமாறு செய்யப்பட்டுள்ளது. பாறையில் மோதித் தற்செயலாக நகர்ந்துவிட்டாலும், கழிந்த நேரத்தைக் கூட்டிக் காட்டுமேயன்றிக் குறைத்துக் காட்டாது. அதனால் மனிதன் முன்னதாக மேலே வருவான், உயிர் பிழைப்பான். தவறு நேர்ந்தாலும் அது நன்மையின் பக்கமே சாயட்டும் என எண்ணி அமைத்த இவ்வேற்பாட்டைப் பேணுதல் என்று கூறுவது முற்றும் பொருந்தும்.

சோதனையிலும் அப்பேணுதலே விளங்குகிறது. முக்குளிப்புக் கடிகாரங்களுக்குரிய உலகத் தர விதி, குறித்த ஆழத்தின் அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலான அழுத்தத்தில் கடிகாரம் ஒவ்வொன்றையும் சோதிக்குமாறு பணிக்கிறது. இருநூறு மீட்டர் என்று வாக்களித்தால் இருநூற்றைம்பது மீட்டருக்குத் தாங்கிக் காட்ட வேண்டும். வாக்கினும் மிகுதியாகச் செயலைத் தருவது இது.

எனினும் நேர்மையாகப் பேசுவதெனில் இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருதிசை வளையமும் கூடுதல் அழுத்தச் சோதனையும் அதே நிறுவனத்தின் குறைந்த விலைக் கடிகாரங்களிலும் உள்ளன. உயிர்காக்கும் பகுதிக்குப் பத்தாயிரம் டாலர் வேண்டியதில்லை. மிகுதித் தொகை எதற்காக? முகம் தெரியுமாறு சமதளமாக மெருகேற்றும் கைத்திறனுக்கு; நெடுநாள் ஆராய்ச்சிக்கு. யோஷிகாஸு அகஹானே என்னும் பொறியாளர், சுருள்வில்லின் விசையால் இயங்கிக் குவார்ட்ஸின் துல்லியத்தோடு ஓடும் பொறியை 1977-இல் எண்ணினார். அறுநூறுக்கும் மேற்பட்ட மாதிரிகள் செய்யப்பட்டன. 1999-இல் அது விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே அவர் காலமாகிவிட்டார். மின்கலம் இன்றி அத்துல்லியத்தை எய்தியது அரிய சாதனையே. பெயரின் புகழுக்கும் விளம்பரத்துக்கும் உரிய பங்கும் விலையில் கலந்திருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆகவே நம் முடிவு யாது? செய்தவர் பக்கம் நின்று பார்த்தால், அவர்களது விலையின் பெரும்பகுதி மெய்யான உழைப்புக்குரிய கூலியாகும். அது ஏமாற்று அன்று. வாங்குவோர் பக்கம் நின்று பார்த்தால் தீர்ப்பு வேறு. மனிதனுக்கு வேண்டுவனவற்றை இன்றியமையாதவை, தேவையானவை, அழகு சேர்ப்பவை என அறிஞர் மூவகையாகப் பகுத்துள்ளனர். நம் கைக்கு வரும்போது இக்கடிகாரம் மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அழகு விலக்கப்பட்டதன்று, அது தன் வரிசையில் வர வேண்டும். பட்ட கடன் தீராமலும், மகளின் படிப்புக்கு வழி காணாமலும், உறவினரின் நோய்க்கு உதவாமலும் ஒருவன் இதனை வாங்கினால், பொருளின் பெறுமதி குறைந்துவிடாது. ஆயினும் அவன் கொடுத்த விலை பிறருக்குரியதாகும். அக்கடமைகளை நிறைவேற்றியபின், செய்தவரின் உழைப்பை அறிந்து மதித்து வாங்குபவனை வீண்செலவாளி எனப் பழிப்பதும் முறையன்று.

கடையில் விலைச்சீட்டைப் பார்க்கும்போது, ‘இது இவ்வளவு பெறுமா?’ என்று மட்டும் கேட்டு நின்றுவிடலாகாது. ‘இத்தொகை யாருக்கு முதலில் சேர வேண்டியது?’ என்றும் நம்மை நாமே வினவிக்கொள்ள வேண்டும்.