மூச்சும் கைங்கர்யமே

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மாசி மகத்தன்று திருவல்லிக்கேணி ஸ்ரீபார்த்தஸாரதிப் பெருமாள் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருளுவதை ஸேவிக்கும் அன்பர்கள், அதே கரையில் தெற்கே நொச்சிக்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு உள்ளதையும் அறிவார்கள். விடியுமுன் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று செல்லும். பகல் ஏறியபின் கடலிலிருந்து கரைக்குத் திரும்பும். பாய் விரித்துத் தொழில் செய்த நாளில் கடற்கரை மக்கள் முன்னதில் சென்று பின்னதில் மீண்டனர். இன்று இயந்திரப் படகுகள் வந்துவிட்டன. ஆயினும் காற்றின் போக்கு மாறவில்லை.

இவ்வாறே மனித சரீரத்திலும் போவதும் வருவதுமாக இரு காற்றுகள் உண்டு. பிராணனை அபானத்திலும் அபானனைப் பிராணனிலும் ஆஹுதியாக இடுவோர் உளர் என்று கீதையின் நான்காம் அத்தியாயத்தில் அருளிச்செய்த ஆசார்யனே, திருவல்லிக்கேணியில் மீசையோடு காட்சி தருகிறான். மூச்சைக் கட்டுவதை அவன் வேள்விகளில் ஒன்றாக எண்ணினான் என்பது கருதத்தக்கது.

வைத்திய நூலாரும் இதன் பயனை ஒப்புவர். ஓய்வாக இருக்கும் ஒருவர் ஒரு மூச்சில் ஏறத்தாழ 500 மில்லி காற்றை உள்ளிழுக்கிறார். அதில் 150 மில்லி அளவு மூச்சுக்குழல்களிலேயே தங்கி, ரத்தத்தோடு கலவாமல் திரும்பிவிடுகிறது. நிமிஷத்திற்கு 12 முறை மூச்சு விட்டால் 1,800 மில்லி இவ்வாறு வீணாகும். அதே காற்றை 6 நீண்ட மூச்சுகளில் இழுத்தால் வீணாவது 900 மில்லியே. மேலும் மூச்சு நீளும்போது, குறிப்பாக வெளிமூச்சு நீளும்போது, இருதயத் துடிப்பு தணிகிறது, படபடப்பு அடங்குகிறது. ஸந்தியாவந்தனத்தில் பிராணாயாமத்தை விதித்த பெரியோர் இக்கணக்கைப் போட்டார்களோ இல்லையோ, பலனை அறிந்திருந்தனர். இன்றோ பலர் மூக்கைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுகின்றனர். மூச்சுக்குச் செய்தியே போவதில்லை!

இங்கு ஒரு கேள்வி எழும். பெருமாள் திருவடிகளே உபாயம் என்று பற்றிய ப்ரபந்நனுக்கு மூச்சுப் பயிற்சி எதற்கு? மோக்ஷத்திற்கு உபாயமாக அது வேண்டுவதில்லை என்பதே ஸம்ப்ரதாயத்தின் துணிபு. ஆனால் கைங்கர்யத்திற்குச் சரீரம் வேண்டும். திருமஞ்சனக் குடம் சுமக்கவும் பாசுரம் இடைவிடாது ஸேவிக்கவும் மார்பில் காற்று இருந்தாக வேண்டும் அன்றோ?

நம் ஆசார்யர்கள் யோகத்தை இகழ்ந்தவர்களும் அல்லர். ஸ்ரீமந்நாதமுனிகள் திவ்ய ப்ரபந்தத்தை மீட்டுத் தந்ததோடு, யோக ரஹஸ்யத்தைக் குருகைக் காவலப்பனுக்கு உபதேசித்தார். பின்னாளில் நாதமுனிகளின் திருப்பேரனார் ஆளவந்தார் அதனைப் பெற விரும்பிக் காவலப்பனிடம் சென்றார். அவரோ யோகத்தில் அமர்ந்திருந்தார். சுவருக்குப் பின்னே ஒலியின்றி நின்றவரை, சொட்டைக் குலத்தார் எவரேனும் வந்தாரோ என்று காவலப்பன் வினவினாராம். எம்பெருமானே தம் தோளுக்குமேல் எட்டிப் பார்த்ததால் அறிந்தேன் என்றாராம். தாம் பரமபதம் செல்லும் நாளை ஓர் ஓலையில் குறித்துத் தந்து, அதற்குள் வருக என்று விடைகொடுத்தார். ஆளவந்தார் ஸ்ரீரங்கம் மீண்டார். அரையர் பாடிய பாசுரத்தில் ஈடுபட்டு, அனந்தபுரத்துப் பெருமாளை ஸேவிக்கப் புறப்பட்டுவிட்டார். அங்கே ஓலையைப் பிரித்தபோது குறித்த நாள் அந்நாளே! பறந்து செல்ல விமானம் இல்லையே என்று அவர் வருந்தியதைக் குருபரம்பரை கூறுகிறது. பக்தியின் வேகத்தில் நேர்ந்ததாயினும் இழப்பு இழப்பே. அவ்வுபதேசம் அத்தோடு நின்றது.

நாதமுனிகளின் வம்சத்தவராகத் தம்மைச் சொல்லிக்கொண்ட ஸ்ரீ திருமலை கிருஷ்ணமாசார்யர் (1888–1989), தம் 16-ஆம் வயதில் ஆழ்வார்திருநகரியில் யோக ரஹஸ்யத்தைத் தரிசனமாகப் பெற்றதாகக் கூறியுள்ளார். அது பழைய நூலேயா என்று ஆராய்வார் ஆராயட்டும். மைசூர் அரண்மனையில் யோகம் கற்பித்துப் பின் சென்னையில் குடியேறிய அப்பெரியவர், நூறாண்டு கடந்து வாழ்ந்தார். வயதிற்கும் பிணிக்கும் தொழிலுக்கும் ஏற்பப் பயிற்சியை மாற்றித் தருவதே அவர் முறை. அவர் திருக்குமாரர் தேசிகாசார் 1976-இல் சென்னையில் அவர் பெயரால் யோக மந்திரம் நிறுவினார்.

தொடங்குவோர்க்கு எளிய முறை ஒன்று உண்டு. வெறும் வயிற்றோடு, முதுகு நிமிர்ந்து அமர்க. நாராயண என்னும் நாமத்தின் நான்கு எழுத்துகளையும் மனத்திற்குள் மெல்ல ஒருமுறை எண்ணுமளவு மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். வயிறு முன்வர வேண்டும்; தோள் உயரலாகாது. இருமுறை எண்ணுமளவு வெளிவிட வேண்டும். தலை சுற்றினால் நிறுத்திவிடுக. குலமோ தொழிலோ இதற்குத் தடையன்று. திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் எம்பெருமானார் திருமந்திரத்தையே அனைவர்க்கும் திறந்துவிட்டார். இரத்த அழுத்தமோ இருதய நோயோ உடையவரும் கர்ப்பிணிகளும் மூச்சை உள்ளடக்கி நிறுத்தும் கும்பகத்தைத் தாமே முயலலாகாது. ஆஸ்துமா உடையவர் இதை நம்பி மருந்தை நிறுத்துவதும் தகாது. காலையில் ஐந்து நிமிஷம் போதும். பழகியபின் ஆசிரியரைக் கேட்டு நீட்டிக்கொள்ளலாம்.