எல்லைக்கோட்டுக்கு அப்பால்: பெற்றோர் பெருமிதம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

பிள்ளை பெறும் புகழில் பெற்றோருக்குப் பங்குண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. மகவைப் பெற்ற மகிழ்ச்சியினும் அம்மகவின் சால்பைப் பிறர்வாய்க் கேட்கும் மகிழ்ச்சியே தாய்க்குப் பெரிது என வள்ளுவர் மக்கட்பேற்றிற் கூறினார். ஆயின், அம்மகிழ்ச்சி எங்கிருந்து பிறக்கின்றது? பிள்ளை அடைந்த நன்மையைக் கண்டு பிறப்பதா? அன்றிப் பெற்றோர் தம் வாழ்வில் அடையாது விட்ட ஒன்றைப் பிள்ளைவழி அடைந்ததாற் பிறப்பதா? வெளித்தோற்றத்தில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே இருப்பினும், அறவியல் நோக்கில் இவை வேறு வேறானவை.

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டவல்ல எடுத்துக்காட்டு ஒன்று மேனாட்டு விளையாட்டரங்குகளில் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1898ஆம் ஆண்டு ஜோனி கம்பெல் என்னும் மாணவர் பார்வையாளர் முன் நின்று அவர்தம் ஆரவாரத்தை வழிநடத்தினார். ‘சியர்லீடர்’ எனப்படும் ஊக்க அணியின் தொடக்கம் அதுவே என்பர். முதலில் ஆடவர்க்கே உரியதாயிருந்த இப்பணியில் 1920களில் மகளிர் இடம்பெற்றனர். இரண்டாம் உலகப் போரின்போது ஆடவர் களம் சென்றபின் அது பெரிதும் மகளிர் வசமாயிற்று. இந்திய உபகண்டத்தின் கிறிக்கெற் இரசிகர் பலர் 2008இல் ஐ.பி.எல். போட்டிகள் தொடங்கியபோதே இதனைக் கண்டனர். பிறருடைய வெற்றிக்காகக் குரலெழுப்புபவள் ஊக்க அணிப் பெண். அவளுடைய பெற்றோரோ பிறரை வாழ்த்துபவளை வாழ்த்துவோர். ஆகவே, பெருமிதம் என்னும் உணர்வு அவர்களிடம் இரட்டித்து நிற்கின்றது.

அப்பெருமிதம் எத்துணைக் கீழ்மைக்கு இறங்கக்கூடும் என்பதற்கு ரெக்சாஸ் மாநிலத்தில் 1991இல் வெளிப்பட்ட நிகழ்ச்சி சான்றாகும். பதின்மூன்று வயது மகளுக்கு ஊக்க அணியில் இடம் கிடைக்கவேண்டும் என்பதற்காக, போட்டியாக இருந்த சிறுமியின் தாயைக் கொல்விக்க ஒரு தாய் முயன்றார். தாயை இழந்த துயரில் அச்சிறுமி போட்டியிலிருந்து விலகிவிடுவாள் என்பதே அவர் கணக்கு. கொலை நிகழுமுன் செய்தி பொலிசாருக்கு எட்டியது. முதல் விசாரணையின் தீர்ப்பு நீக்கப்பட்டபின், 1996இல் அவர் குற்றச்சாட்டை எதிர்க்காது பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஆயினும் சில மாதங்களே சிறையிலிருந்தார். இதனைச் சித்தம் கலங்கிய ஒருத்தியின் செயலென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், அச்செயலின் வித்தாக இருந்த எண்ணம், அதாவது பிள்ளையின் தோல்வி தன் தோல்வியே என்னும் எண்ணம், பெற்றோர் பலரின் நெஞ்சிலும் சிறிதளவேனும் உறைவதன்றோ?

கைவினைஞன் தான் ஆக்கிய பொருளின்மேல் வைக்கும் அன்பை அரிஸ்டோட்டில் ஆராய்ந்தார். ஆக்கியவன் தன் இருப்பையே ஆக்கத்திற் காண்கிறான். அதனாலேயே அதனை நேசிக்கின்றான் என்பது அவர் முடிபு. பெற்றோர் பிள்ளைகளைத் தம்மில் ஒரு கூறாகக் கருதியே நேசிக்கின்றனர் என்றும் அவர் கூறினார். இயற்கையை விளக்க இது போதும். அறத்தை நிறுவ இது போதாது. குயவன் வனைந்த பானைக்குத் தன் விருப்பமென ஒன்றில்லை; பிள்ளைக்கு உண்டு. மனிதரை ஒருபோதும் வெறுங் கருவியாக மட்டும் கொள்ளற்க என்ற இம்மானுவேல் கான்ற்றின் நெறி வீட்டு வாயிலோடு நின்றுவிடுவதன்று.

இனி, இவ்வினாவை நம் மண்ணில் வைத்து நோக்குவோம். கல்முனைக்கு அண்மையில், வயல்வெளிகள் சூழ, முஸ்லிம் ஊர்களும் தமிழூர்களும் அடுத்தடுத்து அமைந்த நிலப்பரப்பிலே, திருச்சிலுவைத் திருத்தலத்தால் பெயர்பெற்ற சொறிக்கல்முனை உள்ளது. ஊக்க அணி என்ற பெயர் இப்பகுதிக்குப் புதிது. அதன் உட்பொருள் புதிதன்று. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறியில் வடசேரி, தென்சேரி என ஊர் இரண்டாகப் பிரிந்து ஆர்ப்பரித்தது. வட்டக்களரியில் வசந்தன் ஆடிய சிறுவரைச் சூழ்ந்து நின்ற உறவினரின் கண்கள் தத்தம் பிள்ளையின் காலடியையே தேடின. இன்று இல்ல மெய்வல்லுநர் போட்டியின் அணிநடையும், உடற்பயிற்சிக் கண்காட்சியும், பாண்ட் வாத்திய அணியும் அவ்விடத்தைப் பெற்றுள்ளன.

இங்கே பெற்றோரின் சோதனை பெரும்பாலும் மறுதிசையில் எழுகின்றது. பன்னிரண்டு வயதுவரை மைதானத்தில் முன்வரிசையில் நின்ற மகள், பருவமெய்தியபின் ‘போதும்’ என்று நிறுத்தப்படுகிறாள். தமிழர் வீடு, முஸ்லிம் வீடு என்ற வேறுபாடின்றி, ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் பேசுகின்றது. ரெக்சாஸ் தாய் மகளை முன்னே தள்ளினாள். இவ்வூர்த் தந்தை பின்னே இழுக்கிறார். இவ்விருவரையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. ஒன்று கொடுங்குற்றம், மற்றது அச்சம். எனினும் இருவர் பார்வையும் ஓரிடத்தில் சந்திக்கின்றது. மைதானத்தில் ஒரு சிறுமி நிற்க, இருவரும் அங்கே தம் முகத்தையே காண்கின்றனர்.

தடுப்பதெல்லாம் தவறு என்பது இதன் பொருளன்று. ஊக்க அணி இன்று தூக்கியெறிதலும் மனிதக் கோபுரமும் கொண்ட கடும் பயிற்சியாகிவிட்டது. அமெரிக்கப் பாடசாலை மாணவியரின் பாரதூரமான விளையாட்டுக் காயங்களுள் பெரும்பகுதி இதனால் விளைந்தமையை ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். தக்க பயிற்றுநரும் பாதுகாப்பும் வேண்டுமென அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் வலியுறுத்தியது. மகளின் முள்ளந்தண்டுக்கு அஞ்சித் தடுக்கும் தந்தை தன் கடமையைச் செய்கிறார். ஆகவே, பார்ப்பவர் ஒருவருமில்லாத மைதானத்திலும் தடுப்பதற்கான காரணம் நிலைக்குமா என்பதே உரைகல்லாகும். காயம் பற்றிய அச்சம் அங்கும் நிலைக்கும்; கௌரவம் பற்றிய அச்சம் நிலைக்காது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். சிற்றூரிலே அவதூறு பெற்றோரை மட்டுமா சுடும்? மகளின் திருமணத்தையும் எதிர்காலத்தையும் அது சுடுமே! இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால், அவளுக்காகவே அஞ்சுவது உண்மையாயின், அவ்வச்சத்தை அவளிடம் எடுத்துரைத்து, அவள் கருத்தையும் கேட்டல் வேண்டும். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரையும், தன்னைப் பாதிக்கும் விடயங்களிற் கருத்துரைக்கும் உரிமையைச் சிறுவர்க்கு அளிக்கின்றது. தவறான கண்ணோடு பார்ப்பவனின் குற்றத்துக்கு, பார்க்கப்படுபவள் மட்டும் விலைகொடுத்தல் நீதியுமன்று.

பென்சில்வேனியாவில் ஊக்க அணியின் மேல்நிலைப் பிரிவில் இடம் கிடைக்காத மாணவி ஒருத்தி, சினமுற்றுப் பாடசாலைக்கு வெளியே இழிசொற்களால் செய்தி வெளியிட்டாள். ஓராண்டு அணியிலிருந்து விலக்கப்பட்டாள். பெற்றோர் அவள் பக்கம் நின்று வழக்காடினர். 2021இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவளுடைய பேச்சுரிமையை நிலைநாட்டியது. அவள் சொற்களை மெச்சவேண்டியதில்லை. வென்ற மகளோடு நிற்பது எவர்க்கும் எளிது. தோற்று, தவறும் இழைத்த மகளோடு நிற்பதே அரிது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பெற்றோர் கற்கவேண்டிய பாடம் அப்பிள்ளையின் கலையிலேயே உள்ளது. ஊக்க அணி எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும், பந்தைத் தொடாது. தன் பக்கம் தோற்கும்போதே அதன் குரல் மேலும் உயரும். கோபுரத்தின் அடியில் நிற்போர் மேலே நிற்பவளை உயர்த்துவர், உரிய கணத்தில் கைவிடுவர், விழும்போது ஏந்துவர். விடவேண்டிய கணத்தில் விடாதவரும், ஏந்தவேண்டிய கணத்தில் இல்லாதவரும் ஒருங்கே தவறுகின்றனர். பெற்றோர்மையின் அறமும் இம்மூன்றிலும் அடங்கும்.

போட்டி முடிந்து, கொட்டகைகள் பிரிக்கப்படும் மாலையிலே, தோற்ற இல்லத்தின் சிறுமி புழுதிபடிந்த காலோடு தாயிடம் வருகிறாள். ‘எத்தினையாம் இடம்?’ என்பது முதற்கேள்வியா, ‘களைச்சுப் போனியா மகள்?’ என்பது முதற்கேள்வியா என்பதிலேயே, அத்தாயின் பெருமிதம் யாருக்குரியது என்பது தெரிந்துவிடும்.