மணப்பந்தலில் மலரும் கருணை

இல்லறம் ஒரு வேள்வி. அந்த வேள்வியின் முதல் ஆகுதி இடப்படும் நாளே திருமண நாள். அக்கினியில் ஆகுதியை இடும்போது, இது என்னுடையது அன்று என்று பொருள்படும் சொல்லைக் கூறி இடுவது வைதிக மரபு. தன்னுடையதாக இருந்த ஒன்றை மனமுவந்து விடுவதே தியாகம். தியாகம் இல்லாத இடத்தில் புகை இருக்கலாம், மந்திர ஒலி இருக்கலாம், வேள்வி இராது.

இக்கருத்தை ஆழ்ந்து சிந்திப்பவருக்கு ஒரு கேள்வி எழும். தொடக்கத்திலிருந்தே தனக்கு உரியதாக இல்லாத ஒன்றை ஒருவன் எவ்வாறு தியாகம் செய்ய இயலும்? கன்றுக்காகச் சுரந்த பாலும், புழு தனக்காக நூற்றுக்கொண்ட கூடும், தேனீ தன் கூட்டத்திற்காகச் சேர்த்த தேனும் மணவீட்டாருக்கு உரியவைதாமா?

இன்று நாட்டின் பல நகரங்களிலும் இளைஞர் சிலர் இக்கேள்வியைத் தங்கள் திருமணத்தின்போதே எழுப்புகின்றனர். புலால் மட்டுமன்றிப் பால், தயிர், நெய், தேன், பட்டு, தோல் முதலிய எதுவும் தங்கள் மணவிழாவில் இடம்பெற வேண்டாம் என்று பெற்றோரை வேண்டுகின்றனர். இந்நெறியை ‘வீகன்’ என்று வழங்குவர். பெற்றோரோ திகைக்கின்றனர். நெய்யின்றி ஹோமமா? பட்டின்றி மணப்பெண்ணா? மோர் இல்லாமல் விருந்து நிறைவு பெறுமா? இது மேல்நாட்டு வழக்கமாயிற்றே என்றும் சிலர் வருந்துகின்றனர். பெயர் வேண்டுமானால் மேல்நாட்டிலிருந்து வந்திருக்கலாம். அதன் பின்னுள்ள கேள்வி இம்மண்ணில் மிகப் பழமையானது.

தேர் திரும்பிய இடம்

குஜராத்தில் ஜூனாகட் நகரை அடுத்து கிர்நார் மலை உயர்ந்து நிற்கிறது. ஏறக்குறைய பத்தாயிரம் படிகள் ஏறி அதன் சிகரங்களைத் தரிசிக்கின்றனர் யாத்திரிகர். வைதிகருக்கும் சமணருக்கும் அது புனிதத்தலம். சமண மரபின் 22-ஆம் தீர்த்தங்கரரான நேமிநாதர் துறவு பூண்டதும், ஞானம் பெற்றதும், முக்தியடைந்ததும் அம்மலையில்தான் என்பர்.

அரிஷ்டநேமி என்னும் பெயருடன் யாதவ குலத்தில் பிறந்த அவரைக் கண்ணபிரானின் உறவினர் என்று சமண நூல்கள் கூறுகின்றன. இளவரசி ராஜீமதியுடன் அவருக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மணக்கோலத்தில் தேரேறி ஊர்வலமாகச் சென்ற அரிஷ்டநேமி, வழியில் விலங்குகள் அடைபட்டு அஞ்சி நடுங்குவதைக் கண்டார். இவை ஏன் இங்கே அடைக்கப்பட்டுள்ளன என்று தேரோட்டியிடம் வினவினார். தங்கள் திருமண விருந்துக்காகத்தான் என்று பதில் வந்தது. அச்சொல் அவர் நெஞ்சைத் துளைத்தது. அணிந்திருந்த ஆபரணங்களைக் கழற்றித் தேரோட்டியிடமே கொடுத்துவிட்டுத் துறவு பூண்டார். பின்னர் ராஜீமதியும் அதே நெறியை மேற்கொண்டாள்.

அந்த ஊர்வலத்தில் எத்தனையோ பேர் சென்றனர். அவர்கள் கண்ணிலும் அந்த விலங்குகள் பட்டே இருக்கும். ஏன் என்று கேட்டவர் ஒருவர் மட்டுமே. வழக்கத்தின் திரை கண்ணை மறைத்திருக்கும்வரை துன்பம் எதிரே நின்றாலும் தெரிவதில்லை. அடுத்து, அவர் சமையற்காரரைக் குறை கூறவில்லை, மாமனாரைச் சினக்கவில்லை. எனக்காகவா இது என்று தம்மையே நோக்கினார். அஹிம்ஸை பிறரைக் குற்றம் சாட்டுவதில் தொடங்குவதில்லை. தன்னைக் கேட்டுக்கொள்வதில் தொடங்குகிறது.

நேமிநாதர் மணவிழாவையே துறந்தார். இல்லறத்தில் புகுவோர் பந்தலைத் துறக்க வேண்டியதில்லை. அவர் எழுப்பிய கேள்வியைப் பந்தலுக்குள் கொண்டுவந்தால் போதும்.

மலையடிவாரத்துக் கல்

அதே கிர்நார் மலைக்குச் செல்லும் வழியில் ஒரு பெரும்பாறை உள்ளது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி பொறிக்கச் செய்த 14 சாசனங்கள் அதில் காணப்படுகின்றன. அவற்றுள் முதலாவது உயிர்ப்பலியைத் தடுக்கிறது. முன்பு அரண்மனை மடைப்பள்ளியில் கறிக்காக நாள்தோறும் எண்ணற்ற உயிர்கள் கொல்லப்பட்டன என்றும், இப்போது 2 மயில்களும் ஒரு மானும் மட்டுமே கொல்லப்படுகின்றன, மானும் எப்போதும் அன்று என்றும், இனி அவையும் கொல்லப்படமாட்டா என்றும் மன்னர் அதில் அறிவிக்கிறார்.

பேரரசர் ஒருவர் தம் சமையலறையின் குறையை ஊரறியக் கல்லில் எழுதி வைத்தது வியப்புக்குரியது. முழுமையை எய்திவிட்டேன் என்று அவர் பறைசாற்றவில்லை. இவ்வளவு குறைத்துள்ளேன், இன்னும் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கணக்குக் காட்டினார். சாதனைப் பாதையில் செல்வோருக்கு இந்நேர்மையைக் காட்டிலும் சிறந்த துணை இல்லை.

அப்பாறையின் 9-ஆம் சாசனம் திருமணத்தையே குறிப்பிடுகிறது. பிள்ளைகளின் மணம், மகப்பேறு, பயணம் போன்ற வேளைகளில் மக்கள் பலவகை மங்கலச் சடங்குகளைச் செய்கின்றனர். அவை தரும் பயன் சிறிது. பெரும்பயன் தருவது தர்மம் என்னும் மங்கலமே என்பது அதன் கருத்து. அந்தத் தர்ம மங்கலம் எது என்பதையும் அது விளக்குகிறது. பணியாளரை நன்கு நடத்துதல், பெரியோரைப் போற்றுதல், உயிர்களிடம் அடக்கத்துடன் ஒழுகுதல், தானம் செய்தல் ஆகியவையே அது. உயிர்களிடம் காட்டும் கருணையும், பெரியோரிடம் காட்டும் மரியாதையும், பாத்திரம் துலக்குபவரிடம் காட்டும் அன்பும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிடலாகாது.

பசுவை விடுவிக்கும் மந்திரம்

வைதிகத் திருமணத்திலும் இக்கருணைக்கு வேர் உண்டு. மணமகனை மதிப்பிற்குரிய விருந்தினனாகக் கருதித் தேனும் தயிரும் சேர்ந்த மதுபர்க்கம் அளித்து வரவேற்பது கிருஹ்ய சூத்திரங்கள் கூறும் முறை. முற்காலத்தில் அவ்வரவேற்பில் புலாலுக்கும் இடமிருந்தது என்பதை அந்நூல்கள் மறைக்கவில்லை. விருந்தினன் முன் ஒரு பசுவைக் கொண்டுவந்து நிறுத்துவர். ஆனால் அவளை விடுவிக்கும் மந்திரத்தையும் அவையே வகுத்தன. குற்றமற்ற இப்பசுவைக் கொல்லாதீர்கள், விட்டுவிடுங்கள், அவள் நீர் அருந்தட்டும், புல் மேயட்டும் என்பது அம்மந்திரத்தின் பொருள். காலப்போக்கில் விடுவிப்பதே முறையாயிற்று.

ஆகவே, சடங்கு என்றும் மாறாத கல் அன்று. கருணை வளர வளர அதுவும் வளர்ந்தே வந்துள்ளது. உரிய பொருள் கிடைக்காதபோது அதற்கு ஒத்த பொருளைக் கொண்டு கர்மத்தை நிறைவேற்றலாமா என்பதை மீமாம்சை ‘பிரதிநிதி’ என்ற பெயரில் விரிவாக ஆராய்கிறது. சோமக்கொடி கிடைக்காதபோது பூதீகம் என்னும் கொடி கொள்ளப்பட்டது. வேள்விப் பசுவுக்குப் பதிலாக மாவினால் செய்த உருவத்தை மத்வ மரபு ஏற்றது.

பால் குறித்த கேள்வி

பால் கறப்பது கொலையாகுமா என்று பலர் கேட்பது இயல்பே. வீட்டுக் கொட்டிலில் ஒரு பசு, கன்று குடித்தபின் எஞ்சிய பால், உழவுக்குப் பயன்படும் காளை, முதுமையிலும் அதே கொட்டில் என்றிருந்த வாழ்வில் அக்கேள்விக்கு இடம் குறைவு. இன்று நிலைமை வேறு. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த மாடுகள் ஏறக்குறைய 19.25 கோடி. அவற்றுள் பெண் மாடுகள் 14.51 கோடி, ஆண் மாடுகள் 4.74 கோடி மட்டுமே. பிறக்கும்போது ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சம அளவில்தான் பிறக்கின்றன. அப்படியானால் எஞ்சிய காளைக்கன்றுகள் எங்கே? ஏருக்குப் பதிலாக டிராக்டர் வந்தபின் அவற்றை வளர்ப்பார் இல்லை. பட்டினியில் மடிந்தவை சில, விற்கப்பட்டவை பல, தெருவில் விடப்பட்டவை பல. ஒவ்வொரு குவளைப் பாலின் பின்னும் இந்தக் கணக்கு இருக்கிறது.

மணவிருந்தில் இது எவ்வளவு பெருகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஒரு கிலோ பன்னீருக்கு ஐந்தாறு லிட்டர் பால் தேவை. ஆயிரம் பேர் உண்ணும் விருந்தில் தலைக்கு 100 கிராம் பன்னீர் என்றாலும் 500 லிட்டருக்கு மேல் பால் செலவாகும். நெய்யும், கோவா இனிப்பும், காபியும், தயிரும் இதில் சேரவில்லை.

இதனால் ஒன்றிரண்டு மாடுகளை வைத்துப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களைப் பழிப்பது அறமாகாது. அவர்கள் பாலை விற்பது வயிற்றுக்காக. மணவீட்டின் ஆடம்பரமோ பெருமைக்காக. கேட்க வேண்டிய கேள்வி ஆடம்பரத்தை நோக்கியதே.

பந்தலில் செய்யத்தக்கவை

பாணிக்கிரஹணம், அம்மி மிதித்தல், சப்தபதி, துருவனையும் அருந்ததியையும் காணுதல் ஆகிய திருமணத்தின் உயிர்நாடியான செயல்கள் எவ்வுயிரையும் வருத்துவதில்லை. மணமகள் இடும் பொரியும் வயலில் விளைந்ததே. நெய் ஒன்றே பெரிய கேள்வியாக நிற்கும். இதைப் பந்தலில் வைத்து வாதிடுவது முறையன்று. பல மாதங்களுக்கு முன்பே புரோகிதரை வணங்கி, விளக்கிக் கூறி, அவருடைய கருத்தையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். நெய்யை விட இயலாது என்று அவர் கருதினால், கன்றை விற்காமலும் வயது முதிர்ந்த பசுவைக் கைவிடாமலும் காக்கும் இடத்திலிருந்து ஹோமத்திற்கு வேண்டிய சிறிதளவை மட்டும் பெறலாம்.

உடையைப் பொறுத்தவரை வழி எளிது. புழு உள்ளிருக்கும்போதே கூட்டை வெந்நீரிலோ ஆவியிலோ இட்டு இழை எடுப்பதே பட்டுத் தொழிலின் வழக்கம். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சியின் பீடாதிபதியாக விளங்கிய மகாசுவாமிகளே பட்டைத் தவிர்க்குமாறு வலியுறுத்தி வந்தார். 1942-இல் அலகாபாத்தில் நடந்த தம் திருமணத்தில் இந்திரா, தந்தை நேரு சிறையில் நூற்ற நூலால் நெய்த கதர்ச் சேலையை அணிந்தார். எந்தப் பட்டு அந்தச் சேலையின் மதிப்புக்கு ஈடாகும்? கைத்தறிப் பருத்தியை நாடினால் நெசவாளரின் வாழ்வும் குன்றாது. வடநாட்டு ஊர்வலங்களில் வாணவெடிக்கும் வாத்திய முழக்கத்திற்கும் நடுவே குதிரையை மிரட்டி நடத்துவதையும் எளிதில் விட்டுவிடலாம்.

விருந்தும் குறைவுபடாது. வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பருப்புப் பாயசம், வடை, புளியோதரை, சாம்பார், ரசம், எண்ணெயில் பக்குவம் செய்த குஜராத்தின் உந்தியு, எள்ளும் வேர்க்கடலையும் சேர்ந்த வெல்ல மிட்டாய், சுக்குமல்லிக் காபி என இலை நிறையும். மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியை, முதிர்ந்த விலங்குகளைக் காக்கும் கோசாலைகளுக்கோ குஜராத்தின் பாஞ்சராபோல்களுக்கோ தீவனமாக அளித்தால், அது அன்றைய மங்கலங்களுள் தலையாயதாகும்.

விரதமும் வீட்டாரும்

இத்தனையும் செய்து, வீட்டுப் பெரியவரின் கண்ணில் நீர் வரச் செய்துவிட்டால் அது நிறைவான அஹிம்ஸை ஆகுமா? எண்பது வயதுப் பாட்டிக்கு மாலையில் ஒரு குவளைப் பால் வேண்டும். அதைத் தடுத்து நிறுத்திய பேரன், பசுவிடம் காட்டிய கருணையைப் பாட்டியிடம் காட்டத் தவறியவன் ஆகிறான். தன் விரதம் தன் இலைக்கு உரியது. பிறர் இலையில் வைப்பது அன்பு மட்டுமாக இருக்கட்டும்.

மகாத்மா காந்தி 1912-இல் தென்னாப்பிரிக்காவில் பாலைத் துறந்தார். பசுக்களிடமிருந்து மிகுதியாகப் பால் பெறக் கல்கத்தாவில் கையாளப்பட்ட கொடிய முறையைப் பற்றி அறிந்தது அதற்கு ஒரு காரணம். பின்னர் இந்தியாவில் கடும் நோயுற்றபோது, பாலின்றி உடல் தேறாது என்றனர் மருத்துவர். விரதம் பசு, எருமைப் பாலைக் குறித்தது எனில் ஆட்டுப்பால் அருந்தலாமே என்று கஸ்தூர்பா வேண்டினார், காந்தியடிகள் இணங்கினார். விரதத்தின் சொல்லைக் காத்தேன், அதன் உட்பொருளைக் காக்கவில்லை என்ற வருத்தத்தை அவர் தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார். அவ்வருத்தம் அவரைப் பிறர்மீது கடுமையாக்கவில்லை, பணிவுடையவர் ஆக்கியது.

பதஞ்சலி முனிவர் யமங்களுள் அஹிம்ஸையை முதலில் வைத்தார். பிறப்பு, இடம், காலம், சூழல் என்னும் எல்லைகளைக் கடந்து கைக்கொள்ளும்போதே அது மகாவிரதம் ஆகிறது என்றும் கூறினார். ஒரு திருமண நாளுக்கு மட்டும் மேற்கொள்ளும் அஹிம்ஸை காலத்தால் வரையறுக்கப்பட்டதே. எனினும் மகாவிரதம் என்னும் மலைக்கு அது ஒரு படி. ஒருநாள் எவ்வுயிரையும் வருத்தாமல் ஆயிரம் பேரை உபசரிக்க முடிந்தது என்று கண்டவர், மறுநாள் தம் சமையலறையையும் அதே கண்ணோடு நோக்குவர்.

மணமக்களே, பந்தலுக்குள் நுழையும்முன் ஒரு கணம் நின்று, நமது இன்பத்திற்காக எங்கே யார் துன்புறுகின்றனர் என்று கேளுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் அவ்வாறு கேட்கும்போது சினவாதீர்கள். நல்ல சம்ஸ்காரம் அவர்கள் உள்ளத்தில் முளைவிட்டிருக்கிறது என்று மகிழுங்கள். எல்லா உயிர்களிலும் உறையும் இறைவன் அழைப்பிதழைப் பார்த்து வருபவன் அல்லன். அடைபட்ட ஓர் உயிரை விட்டுவிடுங்கள் என்ற சொல் எந்தப் பந்தலில் ஒலிக்கிறதோ, அங்கே அவன் முதல் விருந்தினனாக எழுந்தருள்வான்.