இமைக்கிற முகம்

கேரளத்தின் மட்டாஞ்சேரி கடைத்தெருவில் மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குகளைத் தாண்டிப் போனால், ஒரு பக்கம் அங்காடி மருந்துக் கடை, இன்னொரு பக்கம் அழகுசாதனக் கடை. முதலாவதில் குங்குமாதி தைலமும் நால்பாமராதியும் தருவார்கள். இரண்டாவதில் விரலளவு ட்யூபில் கண்ணுக்கென்றே ஒரு க்ரீம் தருவார்கள். வாங்க வருகிறவர் எந்தப் படியேறினாலும் கேள்வி ஒன்றுதான்: “கருவளையம் போக என்ன இருக்கு?” என்ன வகைக் கருவளையம் என்று திருப்பிக் கேட்கும் கடைக்காரர் அபூர்வம்.

கேட்டாக வேண்டிய கேள்வி அது. கண்ணுக்குக் கீழே தெரிகிற கருமை ஒரே நோய் இல்லை. நாலைந்து வெவ்வேறு சங்கதிகளை ஒரே பெயரில் மூட்டை கட்டி வைத்திருக்கிறோம். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கீழிமைத் தோலை விரலால் மெல்லக் கீழே இழுத்துப் பாருங்கள். தோல் நகரும்போது கருமையும் கூடவே நகர்ந்தால் அது நிறமி. இழுத்ததும் நீலமோ ஊதாவோ கூடுதலாகத் தெரிந்தால், தோலுக்கு அடியில் ஓடும் ரத்தக் குழாய்களும் தசையும் எட்டிப் பார்க்கின்றன. முகத்தை நிமிர்த்தி வெளிச்சத்தை நேராக வாங்கியதும் கருமை மறைந்தால், அது வெறும் நிழல். வயதாக ஆகக் கண்ணைத் தாங்கும் கொழுப்பு முன்னே பிதுங்குகிறது, அதற்குக் கீழே பள்ளம் விழுகிறது, பள்ளத்தில் நிழல் தங்குகிறது. நிழலை எந்த க்ரீமாலும் வெளுக்க முடியாது. பெரும்பாலான முகங்களில் இவற்றில் இரண்டு மூன்று கலந்தே இருக்கும்.

காரணம் வேறானால் வைத்தியமும் வேறு. நம் நிறத்துக்காரர்களிடம் நிறமி வகை அதிகம். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வருவது சகஜம். தூசி ஒத்துக்கொள்ளாமல் கண் அரிப்பவர்கள் கசக்கிக் கசக்கியே கருமையை வரவழைத்துக்கொள்வார்கள். சுக்குத் தூசியும் மிளகுத் தூசியும் பறக்கிற கிடங்கில் நாளெல்லாம் நின்று புடைக்கிற பெண்ணுக்கு முதல் மருந்து ஒவ்வாமைக்கான மருந்தும், கசக்காத கையும்தான். அதற்குப் பிறகே வெயில் தடுப்புக் க்ரீம், வைட்டமின் சி, குறைந்த அளவில் ரெட்டினால் எல்லாம். அவையும் பல வாரம் பொறுத்தால்தான் பலன் காட்டும். காலையில் மட்டும் வீங்கி மதியத்துக்குள் வடிந்துவிடும் கண்ணுக்கு, ராத்திரி உப்பைக் குறைத்து, தலையணையைச் சற்று உயர்த்தி, குளிர்ந்த ஈரத் துணியை ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் போதும். வெள்ளரித் துண்டு செய்வதும் இந்தக் குளிர்ச்சியைத்தான். பிதுங்கிய கொழுப்புக்கு அறுவை சிகிச்சை உண்டு. பள்ளத்தை நிரப்பும் ஊசியும் உண்டு, ஆனால் அரிதாகப் பார்வையையே பறிக்கக்கூடியது என்பதால், கைதேர்ந்த மருத்துவரிடம் மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டியது. இமையில் மூக்கோரம் மஞ்சளாகப் படியும் திட்டு வேறு கதை. அதைக் கண்டால் தோலுக்கு மருந்து தேடுமுன் ரத்தத்தில் கொழுப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கேட்காமல் விற்கிற கடையும் கேட்காமல் பூசுகிற கையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கேரளமே பார்த்தது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில் ஒரு குறிப்பிட்ட சிறுநீரகக் கோளாறோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்தக் கோளாற்றின் அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் க்ரீம் பூசியவர்கள். சந்தேகம் பாதரசத்தின் மேல் விழுந்தது. தோலில் நிறமி உண்டாவதைப் பாதரசம் தடுக்கும், அதனால் முகம் சீக்கிரம் வெளுக்கும். ஆனால் அதே பாதரசம் தோல் வழியே உள்ளே இறங்கிச் சிறுநீரக வடிகட்டியைப் பழுதாக்கிவிடும். பெரும்பாலோர் க்ரீமை நிறுத்தியதும் தேறினார்கள். 2023-இல் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடை கடையாகச் சோதனையில் இறங்கியது.

இந்தக் கோளாறில் சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும். அதோடு காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும். முகம் பளிச்சென்று ஆக வேண்டும் என்று பூசியது உள்ளே செய்த கேட்டை, அந்த முகத்திலேயே கண்ணோரத் தோல் சொல்லிவிடுகிறது. உடம்பில் வேறு எங்கோ நீர் கோத்தாலும் முதலில் காட்டிக்கொடுக்கும் இடங்களில் இது ஒன்று. ரத்தசோகை, தைராய்டு, தூங்காத இரவு, அழுத இரவு எதையும் இது ஒளித்து வைப்பதில்லை.

ஏன் இங்கே மட்டும் இப்படி? இமைத் தோல் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூடத் தேறாது, அடியில் கொழுப்பும் அநேகமாக இல்லை. கன்னத்தைப் போலத் தடித்திருந்தால் இமை மூடித் திறக்க முடியாது. விழித்திருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம், ஒரு பகலுக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல். ஒவ்வொரு முறையும் கண் நனைந்து துடைக்கப்படுவதால்தான் பார்வை தெளிவாக இருக்கிறது. நாம் உலகைப் பார்ப்பதற்காக மெலிந்த தோல், உலகம் நம்மைப் பார்க்கவும் இடம் கொடுத்துவிட்டது.

இதற்கு நேர்மாறான கண்களும் அதே ஊரில் உண்டு. மட்டாஞ்சேரி அரண்மனைப் பள்ளியறையில் ராமாயணச் சுவரோவியங்கள் இருக்கின்றன. 1555-ஐ ஒட்டிப் போர்த்துக்கீசியர் கட்டி மன்னர் வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்த மாளிகை அது. 1663-இல் டச்சுக்காரர் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்றும் பெயர் நிலைத்துவிட்டது. உறங்குவதற்கென்று அமைந்த அறையின் சுவரெல்லாம் மை தீட்டிய, நீண்டு அகன்ற, உறக்கமே அறியாத கண்கள். அவற்றுக்குக் கீழே தொய்வும் இல்லை, சோர்வும் இல்லை. தேவர்கள் இமைப்பதில்லை என்பது நம் நம்பிக்கை. இமைக்காதவர்களுக்கு மெல்லிய தோல் எதற்கு?

கதையிலும் அப்படித்தான். தமயந்தியின் சுயம்வரத்தில், அவள் விரும்பிய நளனின் உருவத்தையே எடுத்துக்கொண்டு நாலு தேவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஐந்து முகமும் ஒன்றுபோல் இருந்தன. தேவர்களின் கண்ணில் அசைவில்லை, மாலையில் வாட்டமில்லை, கால் மண்ணில் பாவவில்லை. ஒருவனுடைய கண் மட்டும் இமைத்தது, மாலை வாடியிருந்தது. அவனுக்கே அவள் மாலையிட்டாள். வாட்டத்தைப் பார்த்து இரங்கிப் போடவில்லை. அந்த வாட்டத்தை வைத்துத்தான் தன்னவனை அடையாளம் கண்டாள்.

வாங்க வேண்டியதை வாங்குவோம், காட்ட வேண்டிய மருத்துவரிடம் காட்டுவோம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் தன் கண்ணுக்குக் கீழே இருப்பதைக் கண்ணாடி இல்லாமல் யாரும் பார்க்க முடியாது. எதிரே நிற்பவர்தான் முதலில் பார்க்கிறார். “என்னடி, கண்ணெல்லாம் உள்ளே போயிருக்கு, ராத்திரி தூங்கலையா?” என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்கிற அத்தை, பாதி வைத்தியத்தை முடித்துவிடுகிறாள். சோர்வே தெரியாத முகத்தைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. தெரிவதால்தான் கேட்கிறார்கள். கேட்க ஓர் ஆள் இருக்கிறவரைக்கும், எதையும் மறைக்கத் தெரியாத இந்தத் தோலால் மனிதனுக்கு நஷ்டம் கொஞ்சம், லாபமே அதிகம்.