மடியில் கனம்

காஞ்சிபுரத்துக்குச் சில கல் தொலைவில் கூரம் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பட்டுப் புடவை எடுக்கக் காஞ்சிக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஆனால் வைணவர்களுக்கு அது மறக்க முடியாத ஊர். இராமானுசரின் முதன்மையான சீடர்களில் ஒருவரான கூரத்தாழ்வான் பிறந்த ஊர் அது.

அவரைப் பற்றிக் குருபரம்பரைக் கதைகளில் வரும் ஒரு நிகழ்ச்சியை நம் வீட்டுப் பாட்டிமார்கள் அழகாகச் சொல்வார்கள். ஆழ்வான் பெருஞ்செல்வர். நாள் முழுவதும் அன்னதானம் நடக்கும். இரவில் அவர் மாளிகைக் கதவைச் சாத்தும் ஓசை காஞ்சி வரதராசர் கோயில் வரை கேட்குமாம். பெருந்தேவித் தாயாரே அது என்ன ஓசை என்று வினவினாளாம். செய்தி காதில் விழுந்ததும் ஆழ்வான் கூசிப் போனார். இருந்ததையெல்லாம் வாரி வழங்கிவிட்டு, மனைவி ஆண்டாளோடு திருவரங்கத்துக்கு நடந்தார். இருட்டும் வேளையில் காட்டு வழி. "வழியில் பயம் உண்டோ?" என்று கேட்டாள் அந்த அம்மாள். "மடியில் கனம் இருந்தால் அல்லவா வழியில் பயம்? ஏதாவது வைத்திருக்கிறாயா?" என்றார் ஆழ்வான். அவர் தண்ணீர் பருகுவதற்கென்று ஒரு பொன் வட்டிலை மட்டும் அவள் எடுத்து வந்திருந்தாள். அதையும் வாங்கிப் புதரில் எறிந்துவிட்டு, "இனிப் பயமில்லை, வா" என்று நடந்தார்.

கூரத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது இந்தக் கதையை எண்ணிக்கொண்டே வந்தேன். நம் காலத்தில் அது தலைகீழாகி விட்டதே என்று தோன்றியது. இன்று நம்மில் பெரும்பாலோர் மடியில் கனம் இருப்பதால் பயப்படுவதில்லை. மடி காலியாக இருக்கிறது; கனம் வேறொருவர் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அதனால்தான் பயம். தெருமுனையில் ஒரு குறிப்பிட்ட தலை தெரிந்தால் சந்துக்குள் திரும்பிவிடுகிறோம்.

இதை ஊராரைப் பற்றிச் சொல்வதாக எண்ண வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரிடம் நான் ஐயாயிரம் ரூபாய் கைமாற்று வாங்கினேன். மூன்று மாதத்தில் தருவதாகச் சொன்னேன். மூன்று மாதம் போயிற்று; ஆறு மாதமும் போயிற்று. நண்பர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாறியவன் நான்தான். முதலில் அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்தினேன். பிறகு அவர் வரக்கூடும் என்று நூல்நிலையத்துக்குப் போகும் நேரத்தை மாற்றினேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் கேவலம். அவரிடம் குறைகள் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். சற்று அகம்பாவம் உள்ளவர், பேச்சில் பணத்திமிர் தொனிக்கும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக் கொண்டேன். இருபது வருஷப் பழக்கத்தில் தெரியாத குறைகள் ஐயாயிரம் ரூபாய் வாங்கிய பிறகு எப்படித் தெரிந்தன? கடன் கொடுத்தவரை வெறுத்துவிட்டால் கடன் கொஞ்சம் இலேசாகத் தோன்றும். மனம் செய்யும் மோசடிகளில் இது மிகப் பழையது.

கடன் வாங்குவதே தவறா? ஆழ்வானைப் போல் எல்லாவற்றையும் உதறிவிட்டு உஞ்சவிருத்தி எடுத்து வாழ நம்மால் முடியாது. பெண்ணுக்குக் கல்யாணம் வருகிறது. பையனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டும். மருத்துவமனையில் முன்பணம் கேட்கிறார்கள். 'கடன் வாங்காதே' என்ற அறிவுரை, கடன் வாங்க வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் சொல்லும்போதுதான் கம்பீரமாக இருக்கிறது.

நம் மொழியைப் பாருங்கள். வாங்கிய பணமும் கடன். செய்ய வேண்டிய கடமையும் கடன். பிள்ளையை வளர்ப்பதும் கடன், பெற்றவருக்குச் செய்யும் இறுதிச் சடங்கும் கடன். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள், பணக் கடனை வெட்கத்துக்குரியதாக எண்ணியிருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நிறைவேற்ற வேண்டியவற்றுள் அதுவும் ஒன்று; அவ்வளவுதான்.

இதற்குக் கல்லிலும் செம்பிலும் சாட்சி இருக்கிறது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த காசுகள் பல ஊர்ச் சபைகளுக்குக் கடனாக வழங்கப்பட்டன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. எந்த ஊர் எவ்வளவு வாங்கியது, வட்டியாக என்ன கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் கோயில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. காஞ்சியிலும் அப்படித்தான். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தம சோழன் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காஞ்சி ஊரகத்துக் கோயிலின் பொன்னை நகர மக்களிடம் வட்டிக்கு ஒப்படைத்ததையும், அந்த வட்டியில் பூசையும் திருவிழாவும் நடக்க வேண்டியதையும் அது சொல்கிறது. அந்தக் கோயில் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு காஞ்சியின் நெசவாளர் சேரிகளிடம் இருந்தது.

ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அவர்கள் கடனைக் கல்லில் வெட்டி, ஊர் கூடும் இடத்தில் நிறுத்தினார்கள். பேரனும் கொள்ளுப்பேரனும் படிக்கும்படி வைத்தார்கள். நாமோ கடன் பத்திரத்தைப் பீரோவில் புடவை அடுக்குக்கு அடியில் ஒளித்து வைக்கிறோம். கணவன் வாங்கிய கடன் மனைவிக்குத் தெரியாது. மனைவி சீட்டுக்காரியிடம் வாங்கியது கணவனுக்குத் தெரியாது. பிள்ளை வாங்கியது இருவருக்கும் தெரியாது. ஒரே கூரையின் கீழ் மூன்று பேர், மூன்று இரகசியங்களோடு ஒரே பயத்தைத் தின்றுகொண்டிருக்கிறோம்.

காஞ்சிபுரத்துக்கு இந்த விஷயத்தில் இன்னொரு பெருமையும் உண்டு. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த பிரடரிக் நிக்கல்சன் என்பவர் குடியானவர்களின் கடன் சுமையை ஆராய்ந்து, 1895லும் 1897லும் இரண்டு பாகமாக ஓர் அறிக்கை எழுதினார். ஜெர்மனியில் ரைபைசன் என்ற நகரத் தலைவர் தொடங்கிய கிராம வங்கிகளே நமக்கு வழி என்பது அவர் முடிவு. அந்த வங்கியின் தத்துவம் எளியது. ஒருவரையொருவர் அறிந்த சிற்றூர்க்காரர்கள் சேர்கிறார்கள். ஒருவன் வாங்கும் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. ஆகவே அவன் எதற்காக வாங்குகிறான், எப்படித் திருப்புவான் என்று எல்லோரும் கேட்பார்கள். 1904ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. எந்த நகரில் தெரியுமா? காஞ்சிபுரத்தில்தான். பக்கத்து வீட்டுக்காரனின் அறிமுகமே அங்கே ஈடாக நின்றது.

'அப்படியானால் கடனை வெளிப்படையாக வைத்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்கிறீரா?' என்று நீங்கள் கேட்கலாம். அதே காஞ்சியிலேயே இதற்கு மறுப்பும் இருக்கிறது. தறிக்காரர் முதலாளியிடம் வாங்கும் முன்பணம் தெருவறிந்த விஷயம். அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆனாலும் அது மனிதனைக் கட்டிப்போடுகிறது. முன்பணம் தீராமல் வேறு முதலாளியிடம் போக முடியாது. கூலி குறைவு என்று வாய் திறக்க முடியாது. கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவர் கை போதாது. கூட உட்கார ஒரு பிள்ளை வேண்டும். பெற்றவர் வாங்கிய கடனுக்காகப் பிள்ளைகள் அப்படி உட்கார்ந்த காலம் நெடுங்காலம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்த பிறகும் பல ஆண்டுகள் அது நீடித்தது.

காஞ்சியில் வயதான நெசவாளர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "முதலாளி ஒரு நாளும் பணத்தைத் திருப்பிக் கேட்டதில்லீங்க. கேட்டிருந்தாத்தான் தேவலை."

அந்த வார்த்தையை என்னால் மறக்க முடியவில்லை. பணத்தைக் கேட்காத கடன்காரருக்கு வேண்டியது பணம் அல்ல, ஆள். ஆகவே நல்ல கடனுக்கு இரண்டு இலக்கணம் வேண்டும். அது நாலு பேர் அறிய இருக்க வேண்டும். அது முடிவதை இரு தரப்பும் விரும்ப வேண்டும். தீராமல் இருப்பதால் ஒருவருக்கு இலாபம் என்றால், அது எவ்வளவு வெளிச்சத்தில் இருந்தாலும் விலங்குதான்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. சொன்னால் கேட்பதற்குக் காது வேண்டும். கந்துவட்டியைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003இல் சட்டம் இயற்றினார்கள். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் கணவனும் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் தீயில் மடிந்தார்கள். கந்துவட்டிக் கொடுமையைப் பற்றிப் பலமுறை மனுக் கொடுத்தும் பயனில்லாமல் போனதென்று செய்திகள் வந்தன. அவர்கள் ஒளிக்கவில்லை, சொன்னார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை. அந்த வெட்கம் கடன் வாங்கியவர்களுடையதா, நம்முடையதா?

இப்போது கைப்பேசியிலேயே கடன் கொடுக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் பணம் வந்துவிடுகிறது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் தவணை தவறினால், கைப்பேசியில் இருக்கும் உறவினர், நண்பர் எண்களுக்கெல்லாம் அவதூறு அனுப்பிய கும்பல்கள் உண்டு. தொடர்பு எண்களைக் கடன் செயலிகள் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி செய்ய வேண்டி வந்தது. இந்தக் கும்பல்கள் நிலத்தையோ நகையையோ அடகு பிடிக்கவில்லை. நம் வெட்கத்தை அடகு பிடித்தார்கள். வீட்டில் சொல்லிவிட்டவனை அவர்களால் என்ன செய்ய முடியும்? அடகுப் பொருளை அவன் முன்பே மீட்டுக்கொண்டு விட்டான்.

என் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். ஒன்றரை வருஷம் கழித்து, மூவாயிரம் ரூபாய் சேர்ந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர் வீட்டுக்குப் போனேன். வழி முழுவதும் நல்ல நல்ல காரணங்களை ஒத்திகை பார்த்துக் கொண்டே போனேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் பணத்தை எண்ணாமல் வாங்கி மேசைமேல் வைத்தார். அவர் மனைவிதான் காப்பியை வைத்துக்கொண்டே சொன்னாள்: "போன ஆடியில இவருக்கு ஆபரேஷன் ஆச்சு அண்ணா. உங்களுக்குத் தெரியாதே. என் சங்கிலியை வச்சுத்தான் கட்டினோம்."

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றேன்.

நண்பர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "சொன்னா, பணத்தைக் கேக்கிற மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்ப்பா. உன்னைத் தெருவில ரெண்டு தரம் பார்த்தேன். நான்தான் ஒதுங்கிப் போயிட்டேன்."

நான் அவருக்கு ஒளிந்த நாட்களில் அவரும் எனக்கு ஒளிந்திருக்கிறார்! பணம் வாங்கியவன் நான். வட்டிக்கடைப் படி ஏறியவர் அவர். அவரைப் பணத்திமிர் பிடித்தவர் என்று நான் எனக்குள் ஏசிக்கொண்டிருந்த அந்த ஆடி மாதத்தில், அவர் மனைவியின் கழுத்து வெறுமையாக இருந்திருக்கிறது. 'இப்போது முடியவில்லை, ஐந்நூறு ஐந்நூறாகத் தருகிறேன்' என்று நேரில் போய் நான் ஒரு முறை சொல்லியிருந்தால், அவருடைய நோய் எனக்குத் தெரிந்திருக்கும். எங்கேயாவது புரட்டியிருப்பேன். மீதி இரண்டாயிரத்தையும் அதன்பின் நாலு மாதத்தில் கொடுத்துத் தீர்த்தேன். ஆனால் அந்தச் சங்கிலிக்கு அவர்கள் கட்டிய வட்டியை நான் எந்தக் கணக்கில் எழுதித் தீர்ப்பது?

கூரத்துக் கதையை நாம் வழக்கமாக ஆழ்வானின் துறவுக்காகச் சொல்கிறோம். எனக்கு இப்போது அந்த அம்மாளின் நினைவே அதிகமாக வருகிறது. அவள் வட்டிலை ஆசையால் ஒளிக்கவில்லை. கணவனிடம் கொண்ட அன்பினால் ஒளித்தாள். நம் வீடுகளிலும் பெரும்பாலான கடன்கள் அன்பினால்தான் ஒளிக்கப்படுகின்றன. அவர் மனம் நோகக் கூடாது, அவளுக்குக் கவலை வேண்டாம் என்றுதான் ஆரம்பிக்கிறோம். பயம் மட்டும் ஒளிவதில்லை. அது முகத்தில் தெரிந்துவிடுகிறது. ஆழ்வான் அதைக் கவனித்தார். கோபிக்காமல், "ஏதாவது வைத்திருக்கிறாயா?" என்று கேட்டார். அவளும் இருக்கிறது என்று சொன்னாள்.

பொன் வட்டிலை எறிய நம்மால் முடியாமல் போகலாம். எறிவதற்கு நம்மிடம் வட்டிலே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, விளக்கை அணைப்பதற்கு முன்னால், அந்த ஒரு கேள்வியைக் கேட்கவும் அதற்கு உள்ளபடி பதில் சொல்லவும் நம்மால் முடியும்.