இளம்பருவத்து மரணபயமும் ஆசிரியர் கடமையும்

"யானும் ஒருநாள் இல்லாதொழிவேனோ? ஒழியின், இக்கல்வியாற் பயன் யாது?" பதின்மூன்று, பதினான்கு வயதினராய மாணாக்கருள்ளத்தே இவ்வினா எழுதல் இயல்பு. கண்ணுக்குப் புலனாகாதவற்றை ஆராயும் ஆற்றல் ஏறக்குறைய 11, 12 வயதில் மலரத் தொடங்குமென்பது சுவிற்சர்லாந்து தேசத்து உளநூலறிஞர் பியாசே கண்ட முடிபு. அவ்வாற்றல் பிறவற்றின்மேற் செல்லுமாறே தன் மரணத்தின்மேலுஞ் செல்லும். 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளிலும் 2009 இல் முடிந்த போரிலும் இறந்தோருடைய மாலையிட்ட படங்களின்கீழ் வளரும் நம் பிள்ளைகளுக்கு அவ்வெண்ணம் சேய்மைத்தன்று.

ஆதலின் இவ்வச்சம் அறிவின் குறையன்று, வளர்ச்சியேயாம். ஆயினும் வெளியிடப்படாது உள்ளத்தடங்கின், உறக்கமின்மை, காரணமற்ற சினம், பாடத்தில் ஊக்கமின்மை என வேடம் மாறி வரும். நாமோ அதனைச் சோம்பலென்றும் அடங்காமையென்றும் தண்டிக்கின்றோம்.

"ஆன்மா நித்தியம், அழிவது உடம்பே என்று கூறிவிடின் அமையாதோ?" எனின், கூறுவது உண்மையே, எனினும் அஞ்சி நிற்பானுக்கு அது செவியளவில் நின்றுவிடும்.

திருநாவுக்கரசு நாயனார் சரித்திரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கும் நாம், அதனுள் இதற்கு மருந்திருத்தலை நோக்குகின்றிலோம். மருணீக்கியார் இளமையிலே தந்தை புகழனாரையும் தாய் மாதினியாரையும் இழந்தார். தமக்கைக்கு மணம்பேசப்பட்ட கலிப்பகையாரும் போரில் மாண்டார். உயிர்விடத் துணிந்த திலகவதியாரைத் தடுத்தது யாது? தத்துவமன்று, தம்பியின் கண்ணீரே. பின்னர் நிலையாமையை உணர்ந்த அவ்விளைஞர் நெறிதேடிச் சமணம் புகுந்தார். சூலைநோயால் வருந்தி மீண்டபோது தமக்கையார் இடித்துரைத்தாரல்லர். திருநீறளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு உடன்கொண்டு சென்றார். முதலிலே துணை, அதன்மேலே திருநீறும் திருக்கோயிலும். இம்முறையே நமக்கும் முறையாம்.

ஆகலின் சமயபாடத்திலே மரணத்தைப்பற்றி வினவும் மாணாக்கனை, "வீண்பேச்சு விடுத்துத் தேவாரத்தை மனனஞ்செய்" என்று அடக்காதொழிவோமாக. அவன் கூறுவது முழுவதையுங் கேட்போம். நமக்கும் அவ்வச்சம் உண்டென்று ஒப்புக்கொள்ள நாணாதிருப்போம். அதன்பின் சித்தாந்தங் கூறின், அது மனனப்பாடமாகாது பற்றுக்கோடாகும். அச்சம் நெடுநாள் நீடிப்பினும், ஒருவன் உயிர்வாழ விருப்பின்றிப் பேசினும், அவனைத் தனியே விடாது பெற்றோருக்கு அறிவித்து வைத்தியரிடஞ் சேர்ப்பித்தல் நம் கடமை. விபூதி தரித்த கையால் மருந்து வாங்குதல் சைவத்துக்கு இழுக்கன்று.

கேட்பாரற்ற வினா பிள்ளையை எங்கே கொண்டுசெல்லுமென்று நாம் அறியோம். கேட்குஞ் செவியொன்று பள்ளிக்கூடத்திலே அவனுக்குக் கிடைப்பதாக. திருவருள் துணைசெய்க.